ஹபீபுல்லாவின் ஈரச் சட்டை

1958, மே மாதம். காலை மணி பத்து. காந்தி மார்க்கெட் அருகே சங்கு, சிப்பி வியாபாரம் செய்யும் ஹபீபுல்லா, கடையிலிருந்து வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் கூடத்தில் சரிந்து விழுந்தார். பேச்சு குழறி, மூச்சுத் திணறியது.

தகவல் கிடைத்து இன்ஸ்பெக்டர் கிளமென்ட் வருவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய தங்கை ஷரபுன்னிசா, கர்ப்பிணியான மருமகள் மஜீதாவைக் காட்டிக் கத்தினாள்.

“இவதான் சார்! தனிக்குடித்தனம் போகணும்னு நேத்து சண்டை. இன்னிக்கு சர்பத் கொடுத்தா. அண்ணன் குடிச்சாரு, விழுந்தாரு. டம்ளரையும் கழுவிட்டா!”

மஜீதா சுவரோடு ஒண்டி நின்றாள்.

“நீங்களாவே கொடுத்தீங்களாம்மா?”

“இல்ல சார். மாமாதான், ‘உதடெல்லாம் மரத்துப்போச்சு, குடிக்க ஏதாவது குடும்மா’ன்னாங்க. மிச்சத்த நான் குடிச்சேன்.”

“பொய்!” என்றாள் ஷரபுன்னிசா.

ஹபீபுல்லாவின் சட்டையைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். கிளமென்ட் குனிந்து பார்த்தார். சட்டை காய்ந்திருந்தது, இடப்பக்கப் பை மட்டும் ஈரம். மீன் வாடை.

“இன்னிக்கு சரக்கு வந்துச்சா?”

“ராமேஸ்வரம் மூட்டை வந்துச்சு. எப்பவும் காய்ஞ்சு வரும், இந்தத் தடவை ஈரமா இருக்குன்னு மாமா சொன்னாங்க” என்றாள் மஜீதா.

பென்சிலால் பையைக் கவிழ்த்தார். வெள்ளையில் பழுப்பு வலை பின்னினாற்போல் ஒரு சங்கு உருண்டது. ஷரபுன்னிசா எடுக்கக் கை நீட்டினாள்.

“தொடாதீங்க!”

இடுக்கியால் தூக்கிக் காட்டினார். வாய்ப்பக்கம் சதை மெல்ல அசைந்தது.

“உயிரோட இருக்கு. குற்றவாளி இதுதான். ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துல நான் வேலை பார்த்தப்ப, ஒரு மீனவரை இதே மாதிரி சங்குக்குள்ள இருந்த நத்தை கொட்டுச்சு. பல்லு ஊசி மாதிரி, அதுல விஷம். துணியையும் துளைச்சிடும். சர்பத்துக்கு முன்னாடியே உதடு மரத்துடுச்சே, அதை யாரும் யோசிக்கலையே!”

பக்கத்துக் கடையிலிருந்து டாக்டருக்குப் போன் செய்தார்.

“இடது மார்புல பாருங்க டாக்டர்.”

“அட, ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி!”

“கடல் நத்தை விஷம். செயற்கை மூச்சு மட்டும் நிறுத்தாம கொடுங்க. விஷம் தானா இறங்கிடும்.”

மறுநாள் காலை ஹபீபுல்லா தானாகவே மூச்சு விட்டார். கண் விழித்தவர், கட்டிலருகே மருமகளின் கையை இறுகப் பிடித்து அழுதுகொண்டிருந்த தங்கையைப் பார்த்தார்.

“அந்தச் சங்கு அழகா இருந்துச்சேன்னு, பொறக்கப்போற பேரப்புள்ளைக்கு எடுத்து வச்சேன்” என்றார் மெல்ல. பிறகு மஜீதாவின் வாடிய முகத்தைப் பார்த்து, “இவ சாப்பிட்டாளா?” என்று கேட்டார்.

வாசலில் நின்ற கிளமென்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு, நிம்மதியாகப் படியிறங்கினார்.