நானூற்று முப்பத்து மூன்றில் ஒரு அழைப்பு

அந்த வரி திரையில் முதன்முதலாக வந்தபோது அவன் அதைப் பார்த்தானே தவிர, படிக்கவில்லை. அதற்கு மேலே யார் வீட்டு மொட்டைமாடியிலோ இருக்கும் வெப்பமானி முப்பத்தோரு டிகிரி என்றது. கீழே, தெருவில் போன ஏதோ ஒரு காரின் சக்கரம் தன் காற்றழுத்தத்தைச் சொல்லிவிட்டுப் போனது. இரண்டுக்கும் நடுவில் அது. அவசரப் பட்டன், எண் 5173, அழுத்தப்பட்டது, பேட்டரி நன்று, வலு மைனஸ் 22.

டீயை ஒரு வாய் உறிஞ்சினான். விழுங்கும்போதுதான் எண் உறைத்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்து மோட்டாருக்கு என்ன எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கல்யாண நாளை மறந்தாலும் மறப்பாரே ஒழிய மோட்டார் நம்பரை மறக்க மாட்டார் என்று மனைவி கேலி செய்வாள். 5173 மோட்டார் எண் இல்லை. அது அண்ணனின் கழுத்தில் தொங்கிய பட்டனின் எண்.

அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

இந்த ரேடியோ குச்சியை வாங்கச் சொன்னது வேலையிடத்துப் பையன்தான். எந்நேரமும் ஒரு கம்பியைத் தூக்கிக்கொண்டு திரிவதால் அவனுக்கு 'ஆன்டெனா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சாயங்காலமானால் வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது, இருக்க முடியவில்லை என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம் இது.

"காதுக்கு ஒரு வேலை குடுங்கண்ணா. தீப்பெட்டி சைஸ்தான் இருக்கும், விலையும் கம்மி. லேப்டாப்புல செருகுங்க. ஆன்டெனாவுக்கு அடியில காந்தம் இருக்கும், ஏதாவது இரும்பு மேல ஒட்டி வைங்க, அப்பதான் நல்லா எடுக்கும். மொதல்ல எஃப்.எம். பாட்டு கேட்டுக் கையப் பழக்குங்க. அப்புறம் விமானம். அதுக்கப்புறம் நானூத்தி முப்பத்து மூணு மெகாஹெர்ட்ஸுக்கு வாங்க."

"அங்க என்ன இருக்கு?"

"வீட்டுல இருக்கிற சின்னச் சின்னச் சாமானெல்லாம் அங்கதான் பேசிக்குது. காலிங்பெல், கேட்டு ரிமோட், கார் டயர். ஒரு புரோகிராம் போட்டுத் தரேன், வரிவரியா எழுதிக்கிட்டே இருக்கும். ஊர் வம்பு கேக்க இதவிட சொகுசான வழி கிடையாது."

சொன்னபடியே செய்தான். முதல் நாள் கருநீலத் திரையில் மஞ்சள் நூல்கள் வழிந்து இறங்குவதையும், ஒவ்வொரு நூலுக்குள்ளும் ஒரு நிலையம் பாடிக்கொண்டிருப்பதையும் குழந்தைபோல வாய்பிளந்து பார்த்தான். இரண்டாம் நாள் விமானிகளின் தூக்கக் கலக்கமான குரல்கள். மூன்றாம் நாளான இன்று, ஆறு மணிக்கு, மனைவி வேலையிலிருந்து திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது, நானூற்று முப்பத்து மூன்றுக்கு வந்தான்.

குச்சி லேசாகச் சூடேறி, புது பிளாஸ்டிக்கின் வாடை மேஜையைச் சுற்றி மிதந்தது. மீண்டும் வந்தது. 5173. அழுத்தப்பட்டது. மைனஸ் 22.

ஆன்டெனாவைப் போனில் பிடித்தான்.

"ஒரே நம்பர் ரெண்டு பட்டனுக்கு இருக்குமாடா?"

"இருக்கும்ணா. விலை மலிஞ்ச சாமான்தானே, நம்பரைத் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பானுங்க. பக்கத்துல யாராவது பெரியவங்க வெச்சிருப்பாங்க. வலு எவ்ளோ காட்டுது?"

"மைனஸ் இருபத்திரண்டு."

"அப்ப தூரம்தான். அது சைபரை நெருங்க நெருங்கப் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். லேப்டாப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து பாருங்க, எந்த வீடுன்னே தெரிஞ்சிடும். ஏண்ணா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே சுட்டது. அது அண்ணனின் வார்த்தை.

அண்ணன் பஸ் ஓட்டியவர். இருபத்தெட்டு வருஷம் ஒரு நாய்க்குட்டிமேல்கூட சக்கரம் ஏற்றாதவர் என்று டிப்போவில் சொல்வார்கள். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலது கை கால் போய், பின்னறைக் கட்டிலில் இரண்டு வருஷம் கிடந்தார். கழுத்தில் கயிற்றில் கோத்த சிவப்புப் பட்டன். அதை இடது கையால் அழுத்தினால் சமையலறைப் பிளக்கில் செருகியிருக்கும் பெட்டி வீறிடும். ஈ உட்கார்ந்தால் அழுத்துவார். தலையணை சரிந்தால் அழுத்துவார். ஓடிப்போய் "என்னண்ணா?" என்று நின்றால், சில சமயம் கோணிய வாயால் சிரிக்கப் பார்த்துக்கொண்டு, "சு… ம்மா" என்பார். ஒரு முகத்தைப் பார்ப்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். அது அவனுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் எரிச்சல் வந்தது.

அண்ணன் போன அன்றைக்கு அவன் விடியவிடிய வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். லிஃப்டில் சிக்கிக்கொண்ட நாலு பேரை வெளியே எடுத்த இரவு. மனைவி தன் வேலைக்கு, ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். கண்ணை மூடினால் பெட்டி அலறுகிறது. ஈ. மறுபடி அலறல். சும்மா. மறுபடி. மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் சமையலறைக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல், பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கினான். பத்து நிமிஷம் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தான்.

எழுந்தபோது மணி ஐந்து. அண்ணன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தலைகீழாகச் சரிந்து, முகம் சுவரோடு நெரிந்து கிடந்தார். இடது கை மட்டும் நெஞ்சருகே, பட்டனைப் பிடித்தபடி.

அந்த விரல்களை அவன் ஒவ்வொன்றாகப் பிரித்தான். கயிற்றைத் தலைவழியே கழற்றி ஜன்னல் கொக்கியில் மாட்டினான். பெட்டியை மறுபடி பிளக்கில் செருகினான். செய்தி கேட்டு மனைவி ஓடிவந்து நின்றபோது அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டான்.

"காலையில உடம்பு துடைச்சுவிடறப்ப பட்டனக் கழட்டினியே… திரும்ப மாட்டினியா?"

அவள் ஜன்னல் கொக்கியைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் கேட்கவில்லை.

பட்டனை மறு வாரமே சுத்தியலால் அடித்து, உள்ளிருந்த பச்சைத் தகடு மூன்று துண்டாகத் தெறித்ததைப் பார்த்த பிறகு, குப்பை வண்டியில் போட்டான். பெட்டியை மட்டும் மனைவி போட விடவில்லை. பரணில் இருந்தது.

நாற்காலி போட்டு ஏறி எடுத்தான். தூசி மூக்கில் ஏறியது. பின்பக்கத்து ஸ்டிக்கரில் அவன் கையெழுத்திலேயே 5173. பக்கத்து வீட்டுப் பட்டனாகத்தான் இருக்கும், ஆன்டெனா சொன்னதுபோல என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, எதை நிரூபிக்கப் போகிறோம் என்று தெரியாமலே, சமையலறைப் பிளக்கில் செருகினான்.

பெட்டி அலறியது.

ஐந்து மாதமாகக் கேட்காத அந்தச் சத்தம், பாத்திரங்கள் அதிர, ஜன்னல் கண்ணாடி அதிர, அவன் பல்வரிசைக்குள் புகுந்து அதிர்ந்தது. கை தானாகப் போய்ப் பிடுங்கிவிட்டது. பிடுங்கிய கையை அவனே பார்த்துக்கொண்டு நின்றான். அதே பிளக். அதே கை. யோசிக்கக்கூட இல்லை.

கூடத்துக்கு வந்து திரையைப் பார்த்தான். 5173. அழுத்தப்பட்டது. மைனஸ் 9.

லேப்டாப்பைக் கையில் ஏந்தி, ஆன்டெனாவை அதன் மூடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னறையாகத்தான் இருக்க வேண்டும். கதவைத் தள்ளினான். மெத்தை இல்லாத கட்டில், பினாயில் வாடைக்கு அடியில் இன்னும் போகாமல் தங்கியிருக்கும் மருந்தெண்ணெய் வாடை. எண் ஏறும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மைனஸ் 9. கட்டிலுக்கு அடியில் குனிந்தான். மைனஸ் 9. குளியலறையில் மைனஸ் 9. மாடிப்படியில் மைனஸ் 9. வாசலைத் தாண்டித் தெருவுக்கே போனான். எதிர்வீட்டுக் கேட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரோ எங்கோ இருமினார்கள். மைனஸ் 9.

எங்கே போனாலும் ஒரே தூரம்.

போன் அடித்தது. உடம்பு தூக்கிப் போட்டது. மனைவி.

"என்னங்க, பஸ் ஏறிட்டேன். சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வரவா?"

"வேணாம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

மறுமுனையில் பஸ்ஸின் இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"இன்னைக்கு லேப்ல ஒருத்தரு வந்தாருங்க. பெரியவர். கழுத்துல அதே மாதிரி சிவப்புப் பட்டன். ரத்தம் எடுக்க ரெண்டு தடவை குத்த வேண்டியதாப் போச்சு எனக்கு. எத்தனை தடவை நினைச்சுப் பாத்தாலும், மாட்டிவிட்ட மாதிரியேதான் ஞாபகம் இருக்கு. கயித்த இழுத்து, காலருக்கு வெளிய எடுத்துவிட்ட மாதிரி. ஆனா கொக்கியில இருந்துச்சே. மாமா என்னைப் பத்தி என்ன நினைச்சுட்டுப் போயிருப்பாரு?"

திரையில் 5173. உடனே இன்னொரு 5173. சொல்லிவிடலாம். மூன்றே வார்த்தை. நான்தான் பெட்டியப் பிடுங்கினேன். நாக்கு நுனிவரை வந்தது.

"விடும்மா," என்றான். "நடந்தது நடந்துபோச்சு. நீ வேணும்னா செஞ்ச?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "சரி. வெச்சிடறேன்."

வரிகள் இப்போது நிற்காமல் வந்தன. வெப்பம், சக்கரம் எதுவும் இல்லை. ஊரே வாயை மூடிக்கொண்டதுபோல வேறு எந்தப் பொருளும் பேசவில்லை. 5173. 5173. 5173.

லேப்டாப்பைக் கூடத்து இரும்பு மேஜையில் வைத்து, ஆன்டெனாவைப் பக்கத்தில் ஒட்டினான். கதவைப் பூட்டாமல் தெருவில் இறங்கி விடுவிடென்று நடந்தான். இந்த வீட்டிலிருந்து தூரமாய்ப் போனால் போதும். தெருமுனை, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம். அங்கே நின்றான். மனிதர்கள், வெளிச்சம், வண்டிப் புகை. வியர்வை ஆறியது. பைத்தியக்காரத்தனம், மென்பொருளில் ஏதோ கோளாறு, நாளைக்கு ஆன்டெனாவை வரச்சொல்லிப் பார்க்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

திரை முழுக்க வரிகள் நிரம்பியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம். மேலேயிருந்து படித்தான்.

7.21. மைனஸ் 9. அவன் கதவைத் தாண்டிய நேரம்.

7.22. மைனஸ் 14.

7.24. மைனஸ் 20.

7.26. மைனஸ் 27. பஸ் நிறுத்தம்.

அங்கேயே பத்து நிமிஷம் மைனஸ் 27. பிறகு மைனஸ் 20. மைனஸ் 14. அவன் வாசற்படி ஏறிய நேரத்தில், மைனஸ் 9.

அது எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. அவனோடு போயிருக்கிறது. அவனோடு வந்திருக்கிறது.

ஆன்டெனாவை மேஜையிலிருந்து பிய்த்தெடுத்தான். காந்தம் விடும்போது கிளிக்கென்றது. இடது உள்ளங்கைக்கு அருகே பிடித்தான். மைனஸ் 7. முழங்கை. மைனஸ் 5. தோள். மைனஸ் 3. நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தான்.

சைபர்.

சட்டைப் பித்தான்களைக் கழற்றினான். இரண்டு தெறித்து விழுந்தன. வெறும் மார்பு. நரைத்த முடி. அதன் கீழே தோல். எதுவும் இல்லை.

பிறகு குழிந்தது.

இடது மார்பில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, தோல் உள்ளே போனது. யாரும் இல்லை. விரல் இல்லை. குழி மட்டும். ஆழமாக, அவசரமாக. திரையில் ஒரு வரி விழுந்தது. குழி மேலெழுந்து சமமானது. மறுபடி அழுந்தியது. ஒரு வரி.

"நான்தான்," என்றான். காற்றாகத்தான் வந்தது. "அண்ணா, நான்தாண்ணா பிடுங்கினேன். அவகிட்ட சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

அழுந்தியது. ஒரு வரி. அழுந்தியது. ஒரு வரி. விலா எலும்பு நெரியும் சத்தம், காதால் கேட்பதற்கு முன் பல்லில் தெரிந்தது. கத்த வாய் திறந்தான். வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது.

வெளியே கேட் கிறீச்சிட்டது. செருப்பைக் கழற்றும் ஓசை.

"என்னங்க, கதவு ஏன் தொறந்து கெடக்கு?"

நெஞ்சில் அந்தக் குழி இன்னொரு முறை இறங்கியது. இந்த முறை மேலெழவில்லை. அழுந்தியபடியே இருந்தது.