இடம் மாறிய இரண்டு ஒயர்கள்

அப்பா சாவியைத் திருகியதும் கார் "டமார்" என்றது. பிறகு சளி பிடித்தவரைப் போல இருமிக்கொண்டு, உடம்பெல்லாம் உதற நின்றது.

பின் சீட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அடுத்த தெரு டீச்சரம்மா பதறிப்போனார். "ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம்தான்ப்பா இருக்கு!"

அப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். அவசர அவசரமாக வேறொரு காரை வரவழைத்து அவரை ஏற்றிவிட்டார்.

"மூணு வருஷமா உன் காரை விட்டா வேற எதுலயும் ஏறினதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார் டீச்சரம்மா. அது திட்டு இல்லை. ஆனாலும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா கார் மெக்கானிக் படிப்பு படிக்கிறாள். முந்தின நாள் மாலைதான் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, முதல் முறையாக இந்தக் காருக்கு நான்கு புது ஸ்பார்க் பிளக்குகள் மாட்டியிருந்தாள்.

"ஓட்டிப் பார்த்தேன்ப்பா. நல்லாத்தான் ஓடுச்சு."

"நல்லா ஓடினதுதான் இப்ப நாட்டியம் ஆடுதா? இனிமே வீட்டுல யாரும் பானெட்டைத் தொடக் கூடாது. மெக்கானிக் கடைக்காரரையே கூப்பிடறேன்."

அக்கா நகத்தில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

படியில் தங்கை வாண்டு நின்றிருந்தாள். வாண்டு என்பது பட்டப்பெயர், வயது பத்து. கார் ஏன் இருமுகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று அக்கா காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கை கழுவப் போனபோது பானெட் திறந்தே இருந்தது. புது பிளக்குகளின் தலையில் தூசி படிந்த நான்கு தடித்த ஒயர்கள். அக்கா செய்த வேலை பளபளவென்று தெரியட்டுமே என்று, வாண்டு நான்கையும் உருவித் துடைத்தாள். திரும்ப மாட்டும்போது ஓரத்து ஒயர்களை நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். நடுவில் இருந்த இரண்டும் ஒரே நீளம். எது எங்கே இருந்தது? 'எல்லாம் ஒண்ணுதானே' என்று மாட்டிவிட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

எஞ்சினுக்குள் நான்கு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து அமுங்கி நிற்கும்போது, பிளக் ஒரு பொறியைத் தட்டும். குபீரென்று பற்றும் அந்த வேகம்தான் காரை ஓட்டுகிறது. பேட்டரியில் இருப்பதோ வெறும் பன்னிரண்டு வோல்ட். அதனால் பொறி பறக்காது. அதற்காகவே காயில் என்ற கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் பல ஆயிரம் வோல்ட் பிறக்கும்! எப்போது நிறுத்துவது என்பதை ஒரு சின்ன மின்னணுப் பெட்டி கண்கொட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த நான்கு ஒயர்கள் வழியே அறைகளுக்குப் பொறி போகும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. நடு ஒயர்கள் இடம் மாறினால், ஒருவர் வாயைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டிவிட்ட கதைதான்.

அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, பொண்ணு கை வச்சுட்டா. அவளை நம்பினது என் தப்பு."

அதற்கு மேல் வாண்டுவால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிப்போய் அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, போனை வைங்க. அக்கா இல்லை. நான்தான்."

அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அக்கா கத்தப்போகிறாள் என்று வாண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அக்கா கத்தவில்லை. "எஞ்சின் சூடா இருந்திருக்குமே? கையைக் காட்டு."

விரல் நுனியில் ஒரு குட்டிக் கொப்புளம் இருந்தது.

"சாவி எங்க இருந்துச்சு?"

"கார்லயே தொங்கிட்டிருந்துச்சு."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, சாவியை எடுக்காம விட்டது நான்தான். இவ ஒயரைப் பிடிச்சிருந்தப்ப யாராவது திருகியிருந்தா? இது அடிக்கிற ஷாக் லேசுப்பட்டதில்லை. பானெட்டைத் திறந்தா சாவி என் பாக்கெட்டுல இருக்கணும். அதை விட்டுட்டேனே."

அப்பா போனைப் பைக்குள் போட்டார். "நானும் என்ன ஏதுன்னு கேக்காம கத்திட்டேன்" என்றார் மெதுவாக.

அக்கா சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தாள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், அதன் ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகிக் கழற்றி, நடு ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றினாள். நான்கிலும் எண் எழுதி ஒட்டினாள்.

கார் சீராக உறுமியது. அப்பா கிளம்பிப் போனார். யாரும் கை தட்டவில்லை.

"ஸாரிக்கா" என்றாள் வாண்டு. அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அன்று முழுவதும் அவளிடம் பேசவே இல்லை.

மாலையில் அப்பா வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் வாண்டு கேட்டாள். "டீச்சரம்மா ரயிலைப் பிடிச்சாங்களா?"

"இல்லம்மா. அடுத்த ரயில்லதான் போனாங்களாம்."

வாண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவிடம் கேட்டார். "வண்டிக்கு ஆயில் மாத்தணும். உனக்கு எப்ப நேரம் இருக்கும்?"

அக்கா நிமிர்ந்தாள். வாண்டுவின் தட்டைத் தன் முழங்கையால் மெல்ல அவள் பக்கம் தள்ளினாள்.

"ஞாயித்துக்கிழமைப்பா. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்குச் சும்மாதான் இருப்போம்."