ஆஷ்லினின் மூன்றாவது குண்டு

"அங்கிள், என் குண்டு ஒண்ணு காணோம்!"

பிரியாணிப் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிய தனிஸ்லாஸின் முன்னால் மூச்சிரைக்க வந்து நின்றாள் ஆஷ்லின். குண்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவருடைய உதவியாளன் இளஞ்செழியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது வெடிக்கிற குண்டு இல்லை, காலையிலிருந்து தன் உயிரை வாங்கிக்கொண்டிருக்கும் பெத்தாங் ஆட்டத்தின் இரும்புக் குண்டு என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

பாவம், அன்று பொழுது விடிந்ததிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துப்பறியும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவனை ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக மூலக்குளத்திலிருந்து வரவழைத்து, "வாய்யா, பெரிய போட்டி, நாள் முழுக்க உக்காந்து பாக்கலாம்" என்று கடற்கரைப் பக்கத்து மைதானத்துக்கு இழுத்து வந்திருந்தார் தனிஸ்லாஸ். முதலில் ஒரு சின்ன மரக்குண்டை எறிகிறார்கள். பிறகு கைக்கடக்கமான இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி வீசுகிறார்கள்; மிக நெருங்கி நிற்பதற்குப் புள்ளி. நெருங்கி நிற்கும் எதிராளியின் குண்டைக் குறிபார்த்து அடித்து விரட்டுகிறார்கள். அவ்வளவுதான் ஆட்டம். இதற்குப் போய் இத்தனை கூட்டமா என்று அவன் மலைத்துப்போனான். கூட்டமாவது கைதட்டிக் கூச்சல் போட்டதா என்றால் அதுவும் கிடையாது. ஒருவர் குண்டை எடுத்துக் கோட்டு வட்டத்துக்குள் நின்றுவிட்டால் மைதானமே மூச்சடக்கிவிடும். நடுவில் இளஞ்செழியனின் கைப்பேசி குத்துப்பாட்டு பாடியபோது, கொலைகாரனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதில் வெயில் வேறு. மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். காலையில் மரத்துக்கு மேற்கே விழுந்த நிழல் மெல்ல மெல்லக் கிழக்கே போக, பார்வையாளர்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார்கள். அன்று இளஞ்செழியன் செய்த ஒரே உருப்படியான வேலை தனிஸ்லாஸின் நாற்காலியையும் தன் நாற்காலியையும் நகர்த்தியதுதான்.

இப்போது ஒரு வழக்கு கிடைத்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காய்ச்சல்காரனுக்கு வேர்த்துவிட்டதுபோல் ஒரே தெளிவு.

"விவரமா சொல்லும்மா," என்றார் தனிஸ்லாஸ், கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தபடி.

"அரையிறுதி முடிஞ்சதும் மூணு குண்டையும் நானே துடைச்சுப் பையில வச்சேன் அங்கிள். அம்மாகிட்ட குடுத்துட்டு சாப்பிடப் போனேன். இப்ப வந்து திறந்தா ரெண்டுதான் இருக்கு. மூணு மணிக்கு இறுதி ஆட்டம். மூணும் ஒரே எடை, ஒரே முத்திரை இருந்தாத்தான் நடுவர் உள்ள விடுவாரு. வேற யாரோட குண்டையாவது கடன் வாங்கி ஆடலாம்தான். ஆனா என் கைக்குப் பழகினது இது மட்டும்தான். அப்பாவோட குண்டு. இன்னிக்கு ஜெயிக்கிற அணி பிரான்சுக்குப் போவுது. அஞ்சு வருஷமா இதுக்குத்தான் கையி வீங்க வீங்க அடிச்சுப் பழகினேன்."

"நீ ஆடலன்னா உன் இடத்துல யாரு?"

"விஜய். மாற்று ஆட்டக்காரன்."

இளஞ்செழியன் தனிஸ்லாஸை அர்த்தத்தோடு பார்த்தான். அவரோ அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஆஷ்லினின் அம்மா சகாயசெல்வி, மரத்தில் சாய்ந்து பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய நீல பிளாஸ்டிக் நாற்காலி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்ல அண்ணே. சாப்பாடும் இங்கயேதான் சாப்பிட்டேன். இவ கத்தின பிறகுதான் எழுந்தேன்."

"யாராவது பக்கத்துல வந்தாங்களா?"

"கேப்டன் ஜோசப் ஆனந்த் வந்து குண்டு தூக்கற காந்தத்த மரத்துல மாட்டிட்டுப் போனாரு. விஜய் தண்ணி பாட்டில் எடுக்க வந்தான். வேற யாரும் வரல."

காலையிலிருந்து நாற்காலி தூக்கித் தூக்கி அலுத்துப்போயிருந்த இளஞ்செழியன், விசாரணைக்கு வசதியாக அந்த நீல நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்திலேயே "ஐயையோ!" என்று அலறிக்கொண்டு எழுந்தான். தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தது நாற்காலி. இரண்டு கையாலும் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு அவன் குதித்ததைப் பார்த்து, மரத்துக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்தாற்போல் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. நாற்காலியின் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தார்.

அப்போது ஜோசப் ஆனந்த் வந்தார். முதுகுவலிக்காரர். குனிய முடியாது என்பதால் நீளக் கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டி வைத்திருந்தார். அதைத் தரையில் தொங்கவிட்டால் குண்டு அதுவாக ஒட்டிக்கொண்டு கைக்கு வந்துவிடும். மரத்து ஆணியில் மாட்டியிருந்த அந்தக் காந்தத்தை எடுத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"மோன் தியே, கடவுளே! என் காந்தத்துல யாரு கை வச்சது? துடைச்சுத் துப்புரவா மாட்டிட்டுப் போனேன் முசியே தனிஸ்லாஸ், இப்ப பாருங்க, தாடி மொளைச்சிருக்கு!"

காந்தத்தின் அடியில் முடிபோல் கருகருவென்று பொடி மணல் அப்பியிருந்தது. தனிஸ்லாஸ் விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம். மைதானம் முழுக்க வெளுத்த ஜல்லித்தூள்தான் கொட்டியிருந்தது, அதுவும் வெயிலில் காய்ந்து பறந்துகொண்டிருந்தது.

"சாப்பாட்டு நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க ஜோசப்?"

"நடுவர்கள் மேஜையில. இறுதி ஆட்டத்த எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு ஒரே சண்டை. உங்களுக்குக் கேக்கலியா?"

கேட்டது. மைக் நிறுத்தாமல் இருந்ததால் ஊருக்கே கேட்டது.

இளஞ்செழியனுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. தண்ணீர் கேன் பக்கம் நின்றிருந்த விஜய்யிடம் விறுவிறுவென்று போனான். "தம்பி, மரியாதையா சொல்லிடு. குண்ட எங்க வச்சிருக்க?"

விஜய்யின் முகம் செத்துவிட்டது. "நானா? என்னாண்ணே பேசறீங்க? ஆஷ்லின் அக்கா அடிச்சாத்தான் நாங்க ஜெயிப்போம்னு எனக்குத் தெரியாதா? நான் உள்ள போனா தோத்துடுவோம்ணே. தோத்துட்டு எங்க பிரான்சுக்குப் போறது?"

"அதெல்லாம் நல்லாத்தான் பேசற..."

"அவன விடுங்க தம்பி!" சகாயசெல்வியின் குரல் கூட்டத்துக்கு மேல் எழும்பியது. "அவன் எடுக்கல. அவன் பைய தொடவே இல்ல."

தனிஸ்லாஸ் மெல்லத் தலையைத் திருப்பி அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு இளஞ்செழியனின் தோளில் கைபோட்டு இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏன்யா, நீ இன்னிக்கு எத்தனை பொட்டலம் பிரியாணி சாப்பிட்ட?"

"சார், இப்பப் போய்..." இளஞ்செழியனின் காது சிவந்தது. "ரெண்டு."

"பரிமாறினது யாரு?"

 பந்தியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பொட்டலம் கொடுத்தது விஜய்தான். இரண்டாவது பொட்டலத்துக்கு இவனேதான் அவன் பின்னால் அலைந்தான். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போன நேரம் தவிர விஜய் இவன் கண்ணை விட்டு மறையவே இல்லை.

"அப்ப யார் சார்? மணி ரெண்டே முக்கால் ஆவுது!" ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான் இளஞ்செழியன். தனிஸ்லாஸ் ஆஷ்லினிடம், "நீ போய்க் கையக் கால உதறிக்கிட்டு இரும்மா. குண்டு வந்துடும்," என்று சொல்லி அனுப்பிவிட்டு, சகாயசெல்வியின் பக்கத்தில் போய் நின்றார். எல்லோரையும் கூட்டி வைத்து, ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்த இளஞ்செழியனுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு ஒட்டி நின்றான்.

"அம்மா, நீங்க நாற்காலிய விட்டு எழுந்திரிக்கலன்னு சொன்னீங்க," என்றார் தனிஸ்லாஸ் தணிந்த குரலில். "காலையிலேருந்து இங்க உக்காந்திருக்கற ஒவ்வொருத்தரும் நிழலோட நகர்ந்துகிட்டே இருக்கோம். இப்ப எல்லாரும் மரத்துக்குக் கிழக்கே இருக்காங்க. உங்க நாற்காலி மட்டும் மேற்கே, காலையில போட்ட இடத்துலயே மொட்டை வெயில்ல கிடக்குது. ஆள் இருந்திருந்தா நகர்ந்திருக்கும். நீங்க இப்பதான் எழுந்ததா இருந்தா, என் ஆளு இப்படித் துள்ளியிருக்க மாட்டான்."

சகாயசெல்வி பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"சரி, எங்க போனீங்க? அதக் காந்தம் சொல்லுது. காந்தத்துல ஒட்டற கருப்பு மணல், அதுவும் ஈரமா, இந்தப் பக்கத்துல கடலோரத்துலதான் இருக்கு. கரையில கொட்டியிருக்கற பாறைங்களுக்கு நடுவுல ஆழமா சந்து சந்தா இருக்கும். அதுக்குள்ள கை எட்டாது, கயிறு எட்டும். இதுல எனக்கு ஒரு விஷயம்தான் புரியாம இருந்துது. ஆஷ்லின் தோக்கணும்னு நினைக்கறவன் குண்டக் கடல்ல வீசிட்டுப் போயிருப்பான், ஒரு வினாடி வேலை. குண்ட எடுத்தவங்க காந்தத்துல ஒட்டவச்சு, பாறையில இடிக்காம, கீறல் விழாம மெதுவா இறக்கிட்டு, கயிற வெடுக்குன்னு இழுத்துக் காந்தத்த மட்டும் பிரிச்சிருக்காங்க. சாயங்காலம் திரும்ப எடுக்கணும்னு நினைச்சிருக்காங்க. அந்தக் குண்டு மேல அவ்வளவு பாசம் யாருக்கு இருக்கும்? விஜய் பைய தொடவே இல்லன்னு அவ்வளவு உறுதியா யாரால சொல்ல முடியும்?"

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இவ அப்பா செத்துப்போன பிறகு வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சவ அண்ணே நான். கடல்ல போட மனசு வரல." மூச்சை இழுத்துக்கொண்டு பேசினார். "பெரியவன் ஒரு வருஷப் படிப்புன்னு பிரான்சுக்குப் போனான். ஒன்பது வருஷம் ஆவுது. ஞாயித்துக்கிழமை போன்ல மூஞ்சியக் காட்டறான். இவளும் பத்து நாள் போட்டின்னு போவா. அண்ணன் இருக்கான், அங்கயே இருடின்னுவான். அரியாங்குப்பத்து வீட்டுல நான் மட்டும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். காலையில இவ ஜெயிக்க ஜெயிக்க எனக்குப் பயம் ஏறிக்கிட்டே போச்சு. இவ தோத்துடணும்னு வேண்டிக்கிட்டேன் அண்ணே. பெத்தவ வேண்டற வேண்டுதலா இது? இதுல அந்தப் புள்ள விஜய் வேற பழி சுமந்தான்."

இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான். திருடனைப் பிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல," என்றார் தனிஸ்லாஸ். "நீங்களே எடுத்துட்டு வந்து, நீங்களே அவ கையில குடுங்க. என்ன சொல்றதுங்கறது உங்க இஷ்டம்."

சகாயசெல்வி காந்தத்தை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பாறைகள் பக்கம் போனார். அந்த இடைவெளியில் இளஞ்செழியன் விஜய்யிடம் போய், "தப்பா பேசிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காத," என்றான். விஜய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

நடுவர் ஆஷ்லினின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மணல் ஒட்டிய குண்டைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து மகளின் முன்னால் நின்றார் அம்மா.

"நான்தான் எடுத்தேன். நீ போயிடுவியேன்னு எடுத்தேன்."

ஆஷ்லின் குண்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் அது அழுகை இல்லை, ஆத்திரம். "நீயாம்மா?" என்று மட்டும் கேட்டாள். குண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மைதானத்துக்குள் போய்விட்டாள்.

அப்புறம் நடந்த ஆட்டம் இளஞ்செழியனை உட்காரவே விடவில்லை. ஆத்திரத்தில் வீசிய அவளுடைய முதல் அடிகள் எல்லாம் குறி தப்பின. எதிரணி மளமளவென்று ஏறியது. ஜோசப் ஆனந்த் ஒவ்வொரு குண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, சாமியைக் கூப்பிட்டு, எப்படியோ கணக்கைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று கொண்டுவந்து நிறுத்தினார். பதின்மூன்று எடுப்பவர்கள் ஜெயிப்பார்கள், இன்னும் ஒரே புள்ளி. மரக்குண்டை ஒட்டி எதிரணியின் குண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஜோசப் ஆனந்தின் குண்டு. ஆஷ்லினின் கையில் இருந்தது கடைசிக் குண்டு. அடித்து விரட்டினால் வெற்றி. தப்பினால் பிரான்சும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் முடிந்தது.

மைதானம் மூச்சடக்கியது. அவள் வட்டத்துக்குள் நின்றாள். கையைப் பின்னால் கொண்டுபோனாள். நிறுத்தினாள். வியர்வையைத் துடைத்தாள். மறுபடி கையை ஓங்கி மறுபடி நிறுத்தினாள். 

"அடிடி பாப்பா!"

இருமினால்கூட முறைக்கிற அந்தக் கூட்டத்தின் நடுவில் சகாயசெல்வி எழுந்து நின்று கத்தினார். "உன் அப்பா மாதிரி அடி! யோசிக்காத, அடி!"

நடுவர் கையை ஓங்கி அதட்டினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வட்டத்துக்குள் நின்றவளின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, அழுகையா, சொல்ல முடியவில்லை. கை ஒரே வீச்சாக வீசியது. குண்டு வெயிலில் மின்னிப் பறந்துபோய் எதிரணிக் குண்டின் தலையில் ணங்கென்று இறங்கியது. அது தெறித்து ஓட, ஆஷ்லினின் குண்டு அது இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

இளஞ்செழியன் தன்னை மறந்து விசிலடித்தான். இந்த முறை யாரும் முறைக்கவில்லை, எல்லோருமே கத்திக்கொண்டிருந்தார்கள். ஜோசப் ஆனந்த் விஜய்யைக் கட்டிப்பிடித்து அழுதார்.

ஆஷ்லின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.  தனிஸ்லாஸ் இங்கிதமாகக் கடலைப் பார்க்கத் தொடங்கினார். இளஞ்செழியனுக்கு அந்த இங்கிதம் எல்லாம் கிடையாது, பார்த்துக்கொண்டே நின்றான்.

"உன் அண்ணன் போனப்ப வாயத் திறந்து கேக்கல," என்றார் சகாயசெல்வி. "உன்கிட்ட கேக்கறேன். திரும்பி வருவியா?"

"வருவேன்னு சொன்னா நம்புவியாம்மா?"

சகாயசெல்வி மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த ஜல்லித்தூளைத் துடைத்துவிட்டார்.

"நம்ப மாட்டேன்," என்றார். "நீ போய்ட்டு வா."