பூச்சு ஏறாத திரை

தீ சரியாகத்தான் அணைந்தது. புகை போன திசைதான் சரியில்லை.

ஆய்வாளர் நீலத் திரையின் கீழ்மூலையிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, இடுக்கியில் தொங்கவிட்டு, அதன் நுனியில் லைட்டரைப் பன்னிரண்டு விநாடி பிடித்திருந்தார். லைட்டரை எடுத்த மாத்திரத்தில் துணி சுருங்கி, கறுத்து, அணைந்தது. எரியும் சொட்டு எதுவும் விழவில்லை. மேலே போக வேண்டிய புகை மட்டும் நூல்போலப் படுத்துக்கொண்டு, மேடை விளிம்பைத் தாண்டி, ஆளில்லாத இருக்கைகளின் பக்கம் ஊர்ந்து போனது. விசிறி ஓடவில்லை. கதவுகள் சாத்தியிருந்தன.

உப்பண்ணன் அதைப் பார்த்தான். ஆய்வாளர் பார்க்கவில்லை. அந்த மனுஷர் எதைத்தான் பார்த்திருக்கிறார்? மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பையெல்லாம் தேடுகிற ரகம்.

“உங்க கை பட்டா தீயே பயந்துடும்போல,” என்றார் ஆய்வாளர், தாளில் கையெழுத்துப் போட்டபடி.

“பயந்துடும் சார்,” என்றான் உப்பண்ணன், முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டாமல்.

இருபத்திரண்டு வருஷமாக அவன் செய்வது இந்த வேலைதான். வெண்காரத்தையும் போரிக் பொடியையும் வெந்நீரில் கரைத்து, மேடையில் தொங்குகிற, நிற்கிற, சாய்கிற எல்லாவற்றுக்கும் தீக்காப்புப் பூச்சு அடிப்பது. சட்டையிலும் புருவத்திலும் எந்நேரமும் வெள்ளை பூத்திருப்பதால் எல்லோருக்கும் அவன் உப்பண்ணன். அந்தப் பெயரை வைத்தவர்களை அவன் மதித்ததில்லை. வெளிச்சம் தங்கள் முகத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிற நடிகர்கள், ஆணியைவிடத் தன் விரலை அதிகம் அடிக்கிற தச்சர், இவர்கள் எல்லோருக்கும் மேலே, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிகிற இயக்குநர். அவருக்கு உப்பண்ணன் மனசுக்குள் வைத்திருந்த பெயர் ‘மேதை’.

எந்தப் பொருளுக்கு எந்தப் பூச்சு என்பது இந்த மேதைகள் எவருக்கும் தெரியாது. பருத்தியும் கித்தானும் பிரச்சினையில்லாதவை. கரைசலைக் கொடுத்தால் குடித்துக்கொள்ளும். மரத்துக்கு, சூடு பட்டால் நுரைத்துப் புடைத்துக்கொள்ளும் பெயின்ட். சணல் கயிறென்றால் ஒரு ராத்திரி ஊற வேண்டும். செயற்கைப் பட்டுதான் சனியன். அது எதையும் உள்ளே விடாது, தீயைத் தவிர.

மூன்று வாரத்துக்கு முன்பே அவன் நல்ல நீலத்தில் ஒரு பருத்தித் திரையை நனைத்துக் காயவைத்துத் தயாராக வைத்திருந்தான். நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மேதை வந்து அதைத் தொட்டுப் பார்த்து, “செத்துப்போன துணி,” என்றார். மறுநாள் செயற்கைப் பட்டு மூட்டையாக வந்து இறங்கியது.

“இதுல உப்புக் கரைசல் ஏறாது சார். தாமரை இலைத் தண்ணிதான். இதுக்குன்னு தனி மருந்து இருக்கு. சொல்லிவிட்டா வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்.”

“பூச்சு உங்க பாடு, அழகு என் பாடு. எதையாவது அடிங்க உப்பண்ணே.”

எதையாவது அடித்தான். சொட்டுச் சொட்டாக வழிந்து அத்தனையும் தரைக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்தக் கூட்டத்துக்கு இது போதும் என்று தோன்றியது. மேடையில் நெருப்பு வேலை எதுவும் இல்லை, விளக்குகள் எட்டத்தில் இருக்கின்றன, என்ன ஆகிவிடப்போகிறது? பழைய பருத்தித் திரையிலிருந்து ஒரு சாண் துண்டை வெட்டி, புதுத் திரையின் கீழ்மூலையில் தைத்துவைத்தான். இன்று காலை ஆய்வாளரிடம், “இங்க வெட்டுங்க சார், பார்வைக்குத் தெரியாது,” என்றான். அவரும் அங்கேயே வெட்டினார். இரண்டு நீலத்துக்கும் நடுவே தையல் ஓடுவது அவர் மூக்குக்கு நேரே இருந்தது. அப்படிப்பட்ட ஆளை ஏமாற்றியதில் அவனுக்கு ஒரு சுகமும் கிடைக்கவில்லை.

அவன் கூடப்பிறந்த தங்கச்சியிடம் அது நடக்காது. திரையைத் தைத்தவள் அவள்தான். எட்டு வருஷமாக இந்த அரங்கத்தின் தையல் அறையில் இருக்கிறாள். நேற்றே ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணே, மருந்து அடிச்சாச்சா? வழவழன்னே இருக்கே. உப்பு ஏறினா கொஞ்சம் சொரசொரன்னு வருமே.”

“நீ ஊசியப் பாரு. மருந்த நான் பாத்துக்கறேன்.”

“சரிண்ணே. நீ சொன்னா சரிதான்.”

நம்பிக்கை என்பது யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் புத்தி என்று அவன் நினைப்பான். ஆனால் அந்நியக் கைத்தையலை அவள் கண்டால் ஒரு நொடியில் பிடித்துவிடுவாள். அதனால்தான் மதியம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பியதும், அந்தப் பருத்தித் துண்டைப் பிரித்தெடுத்துவிட அவன் மட்டும் மேடையில் தங்கினான்.

வெளியே உச்சி வெயில். உள்ளே அந்த வெயிலின் ஒரு கீற்றுகூட இல்லை. ஜன்னலே இல்லாத அரங்கத்துக்குப் பகலென்ன இரவென்ன. மேடையில் ஒரே ஒரு வேலை விளக்கு, அதன் மஞ்சள் வெளிச்சம் முதல் மூன்று வரிசைகள் வரை எட்டி, அதற்கப்பால் சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டது. பழைய மெத்தைகளின் புழுதி வாசனை, மரப்பூச்சின் காரம், எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் முனகுகிற ஒலி. அவன் மண்டியிட்டு, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்துக்கொண்டிருந்தான்.

டக்.

அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கம்தான். ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கைகள் அவை. யாராவது உட்காரும்போது கீழே இறங்கி அந்தச் சத்தம் வரும். கூட்டுகிறவராக இருக்கும். வேலை என்றால் வேப்பங்காய் அவருக்கு.

“யோவ், தூங்கறதுன்னா வெளிய போய்த் தூங்கு!”

டக். இன்னொன்று, இடப்பக்கம். அவன் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தான். முதல் வரிசை முழுக்க மடங்கியிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது வரிசை நடுவில் ஒரே ஒரு இருக்கை இறங்கியிருந்தது. அதில் யாருமில்லை.

ஸ்பிரிங் போயிருக்கும். இந்த அரங்கத்தில் எதுதான் போகவில்லை. மறுபடியும் குனிந்தான்.

டக். டக். டக்டக். இருட்டுக்குள், பின் வரிசைகளில், மழை தூற ஆரம்பிப்பதுபோல.

அப்போதுதான் வாசனை வந்தது. எரிகிற துணியை அவன் மூக்கு ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. பருத்தி எரிந்தால் காகித வாடை. கம்பளி எரிந்தால் முடி பொசுங்குகிற வாடை. செயற்கைப் பட்டு எரிவதற்கு முன் உருகும், அந்த வாடையில் ஒரு இனிப்பு இருக்கும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். இது அந்த இனிப்பு. அவன் திரையை இரு கையாலும் பற்றினான். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை.

தரையைப் பார்த்தான்.

திரைக்கு நேர் கீழே, பலகையில், மிளகுபோலக் கறுப்பாக ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, திரை எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரத்துக்கு, உருகிச் சொட்டி இறுகிப்போன கறுப்பு மணிகள். மேலே துணி முழுசாக இருந்தது. அவன் ஒரு மணியை விரலால் தொட்டான்.

சுட்டது.

சத்தம் நின்றுவிட்டது. காலி அரங்கத்தின் அமைதி அவனுக்கு நன்றாகத் தெரியும், அதில் அவனே நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறான். இது அது இல்லை. ஐந்நூறு பேர் பேசாமல் இருக்கிற அமைதி. விளக்கைத் தூக்கிப் பிடித்தான். முதல் வரிசை, இரண்டாவது, பத்தாவது, கடைசி.

எல்லாம் இறங்கியிருந்தன. ஒன்றுகூட மடங்கவில்லை.

ஓடினான். பக்கக் கதவு. அதன் வெளிப்புறத்தில் யாரோ அடித்தார்கள். உள்ளங்கையால். விடாமல்.

“அண்ணே! கதவத் தொறண்ணே!”

தங்கச்சி குரல். தள்ளினான். திறக்கவில்லை. தோளால் இடித்தான். திறந்தது.

வெயில் முகத்தில் அறைந்தது. சந்துப் படிக்கட்டில் தங்கச்சி டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் பாதியில் நின்றது.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

“கதவத் தட்டினது நீதானே?”

“நானா? நான் பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு இருக்கேன்.”

திரும்பிப் பார்த்தான். திறந்த கதவு வழியே வெளிச்சம் நீளமாக உள்ளே விழுந்திருந்தது. இருக்கைகள் வரிசை வரிசையாக, ஒழுங்காக, மடங்கியே இருந்தன. பசி மயக்கம் என்று சொல்லிக்கொண்டான். பேயைப் பற்றிப் பேசுகிறவர்களை அவன் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறான். ஆனால் விரல் நுனியில் ஒரு கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது, மிளகு அளவுக்கு.

“நீ இன்னிக்கு நாடகம் பாக்க வேணாம். வீட்டுக்குப் போ.”

“ஏண்ணே? டைரக்டர் சார் மொதமொதல்ல டிக்கெட் குடுத்திருக்காரு. எட்டு வருசமா ஓரத்துல நின்னே பாத்தாச்சு. மூணாவது வரிசை, தெரியுமா?”

காரணம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தான். அவள் முகத்தில் இருந்த அந்த நம்பிக்கையைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

மேதையிடம் போனான். அவர் கண்ணாடி முன் நின்று கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சார், அந்தத் திரை வேணாம். பழசையே மாட்டிடலாம்.”

“ஏன்?”

“சரியில்ல.”

“என்ன சரியில்ல? மருந்து நீங்கதான் அடிச்சீங்க. ஆய்வாளர் கையெழுத்தே போட்டாச்சு.” மேதை கண்ணாடியிலேயே அவனைப் பார்த்துச் சிரித்தார். “துணியில அழகு வந்தா உங்களுக்கு ஒடம்பு எரியுதா உப்பண்ணே?”

இவனிடமா நான் உண்மையைச் சொல்வது என்று தோன்றியது. அவ்வளவுதான். அந்த ஒரு நினைப்புக்காக அவன் திரும்பி நடந்தான்.

ஆறு மணிக்குக் கதவுகளைத் திறந்தார்கள். தீயணைக்கும் உருளை ஒன்றைக் கட்டிக்கொண்டு மேடையோரத்தில் நின்றான் உப்பண்ணன். மூடிய நீலத் திரைக்கு அந்தப் பக்கம் ஜனம் வருகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், வளையல் சத்தம், குழந்தையை அதட்டுகிற சத்தம். எத்தனையோ நாடகங்களின் முதல் நாளில் கேட்டதுதான். ஆனாலும் ஏதோ குறைந்தது. என்ன என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இவ்வளவு பேர் உட்கார்கிறார்கள். ஒரு ‘டக்’ இல்லை.

முதல் மணி. பேச்சு அடங்கியது. இரண்டாவது மணி. இருமல்கூட இல்லை. உள்ளங்கை உருளையில் வழுக்கியது. அந்த இனிப்பு வாசனை மறுபடி வந்தது, இந்த முறை திரை முழுக்க.

உருளையைக் கீழே போட்டான். திரையின் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு மேடை முன்னால் போய் நின்றான். பின்னாலிருந்து மேதை பல்லைக் கடித்துக்கொண்டு, “உப்பண்ணே, உள்ள வாய்யா!” என்றார்.

“எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க!” என்று கத்தினான். “இந்தத் திரைக்கு மருந்து ஏறல. நான் பொய் சொன்னேன். வேற துண்டத் தச்சு வச்சு ஏமாத்தினேன். நான்தான். போங்க! தயவு செஞ்சு போங்க!”

யாரும் அசையவில்லை.

அவனையே பார்த்தார்கள். கோபமாக இல்லை. பயமாக இல்லை. ஏற்கெனவே தெரிந்த சேதியை மறுபடி கேட்பவர்கள்போல. மூன்றாவது வரிசையில் தங்கச்சி. அவளும் அப்படித்தான்.

“ஏய், நீயாவது எந்திரி! அண்ணன் சொல்றேன்ல? எந்திரிம்மா!”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். இல்லை என்று.

மூன்றாவது மணி அடித்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. முதுகுக்குப் பின்னால் வெப்பம். முதலில் கழுத்தில். பிறகு தோளில்.

எதிரே, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை, ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் வெறும் கையாலும் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டார்கள். தங்கச்சி முதலில் பக்கத்துக் குழந்தையின் முகத்தைப் பொத்திவிட்டு, பிறகு தன் முகத்தைப் பொத்தினாள். பொத்திய கைகளுக்கு மேலே அத்தனை கண்களும் அவனைத் தாண்டி, திரையைப் பார்த்துக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்தன.