விளம்பரத்தோடு ஒரு செவ்வாய்க்கிழமை

"கொஞ்சம் நிறுத்துங்க... நடுவுல இருந்ததெல்லாம் எங்கே?"

அமெரிக்காவின் டொலீடோ நகர நூலகத்தின் கீழ்த்தள அரங்கில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. கடைசி வரிசையில், நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். திரையில் டல்லியும் பிரெஸ்காட்டும், கிளம்ப மறுத்த ரொட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எண்பதுகளில் செவ்வாய்க்கிழமை தோறும் இந்த ஊரையே சோபாவில் கட்டிப்போட்ட துப்பறியும் தொடர் அது. டல்லி கறார். பிரெஸ்காட் வாயாடி. எப்பேர்ப்பட்ட கொலைகாரனையும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தங்களுக்குள் இருந்த காதலை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை, அசடுகள். அதை நினைத்து இன்றும் சிரிக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை இங்கே கூடுவார்கள்.

வி.சி.ஆர். பக்கத்தில் நின்ற எமெட் நோவிக்கிக்குச் சுருக்கென்றது. காசெட்டுகள் அவன் அப்பா கேசிமிர் பதிவு செய்தவை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். விளம்பரம் தொடங்கினால் பதிவை நிறுத்தும் பாஸ் பட்டனில் ஓர் அழுத்து... முடிந்தால் மறுபடி ஓர் அழுத்து. வீட்டில் யாரும் தும்மக்கூடாது. விளம்பரம் துளிகூட இல்லாத காசெட்டுகள் என்று ஊரெல்லாம் அவருக்குப் பெயர்.

"நடுவுல இருந்தது விளம்பரம்ங்க. அதைப் பார்க்கவா இந்த மழையில வந்தீங்க?" என்றான் எமெட்.

"ஆமா. அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

அரங்கம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தப் பழுப்புக் கண்களில் நீர் திரண்டதை எமெட் ஒருவன்தான் பார்த்தான். அவ்வளவுதான்... கோபம் போன இடம் தெரியவில்லை.

வாசலில் மழை விடக் காத்திருந்தபோது, தானாகவே போய்ப் பேச்சுக் கொடுத்தான். பெயர் கொரின் பலோக், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள் என்று தெரிந்தது. மீதியை அவள் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அம்மா லோரெட்டா இறந்துபோனாள். மெத்தைக் கடையில் வேலை பார்த்த அம்மாவை, கடை முதலாளி ஒரு விளம்பரத்தில் பேச வைத்திருக்கிறார். ஒரே ஓர் இலையுதிர்காலம், இந்தத் தொடரின் நடுவே ஓடிய விளம்பரம். கடை மூடிப் பல வருஷம். தொலைக்காட்சி நிலையத்திலும் எதுவும் மிஞ்சவில்லை.

"போட்டோ இருக்கு. குரல்தான் இல்லை. எங்கம்மா எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது... உங்கப்பா ஒரு தடவைகூடக் கை தவறி விட்டதில்லையா?"

எமெட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏனென்றால், விட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை, அவள் சொல்லும் அதே இலையுதிர்காலத்தில். அன்றைக்குத் தொடர் பாதியில் இருக்கும்போதுதான் எமெட்டின் அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அப்பா அவள் பின்னால் வாசலுக்கு ஓடினார். வி.சி.ஆர். தன்பாட்டுக்கு விளம்பரங்களையும் சேர்த்துப் பதிவு செய்தது. ஆறு வயது எமெட் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். அந்தக் காசெட் அப்பாவின் துணி அலமாரியில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் இன்றும் கிடக்கிறது. கேட்பவர்களிடம் அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது என்றுதான் அப்பா சொல்வார். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"இல்லைங்க," என்றான் எமெட். "ஒரு வாரம் மட்டும் பதிவாகலை. கரண்ட் இல்லை."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குப் பரிகாரம்போல, மற்ற ரசிகர்களிடம் சேர்ந்து தேடலாமே என்றான். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில்... பாவி, தொலைந்தே போனான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் தேடல்தான். யார் யாருடைய கார் ஷெட்டிலோ தூசியைக் கிளப்பினார்கள். எல்லாருமே பட்டனில் விரல் வைத்த சமர்த்தர்கள். தேடி அலுத்தபின் உணவகத்தில் ஹங்கேரியன் ஹாட் டாக். டல்லி மாதிரி அவள் முறைப்பாள், பிரெஸ்காட் மாதிரி அவன் அசடு வழிவான். 'நீங்க' எப்போது 'நீ'யானது என்று இருவருக்குமே தெரியாது. அவள் சிரிக்கும்போதெல்லாம் அலமாரியில் கிடக்கும் காசெட் அவன் நினைவுக்கு வந்தது. சொல்லிவிடு... இப்பவே சொல்லிவிடு... அடுத்த வாரம் சொல்லிக்கலாம்.

அடுத்த வாரம் போன வீட்டில் ஓர் அம்மாள், ரொட்டி வண்டி ஏரிக்குள் விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதுதான் நோவிக்கி வீட்டில் பதிவாகாத வாரம்.

"அன்னைக்கு ஊர்ல கரண்ட் இல்லையே?" என்றாள் கொரின்.

"யார் சொன்னது? அப்போ எங்க வீடு எமெட் வீட்டுத் தெருவுலதானே இருந்துச்சு. முழுசா பார்த்தேனே."

கொரின் மெல்லத் திரும்பி எமெட்டைப் பார்த்தாள். அவன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

வெளியே கொட்டும் மழையில் காரை நோக்கி நடந்தவள் பின்னால் ஓடி, தன் அம்மா வீட்டை விட்டுப் போன கதையையும் அப்பா ஒளித்து வைத்த காசெட்டைப் பற்றியும் திக்கித் திணறிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். கார்க் கதவைத் திறந்தபடி நின்றாள்.

"உங்கப்பா மானம் பெருசுதான், இல்லைங்கல. ஆனா முதல் நாளே தர முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே எமெட். இத்தனை சனிக்கிழமை என்னை அலைய விட்டுட்டு, கூடவே நடந்து வந்திருக்கே."

கார் போய்விட்டது. எமெட் அப்படியே நனைந்துகொண்டு நின்றான்.

அன்று மாலையே அப்பாவிடம் அந்தக் காசெட்டைக் கேட்டான். கேசிமிர் அலமாரியைத் திறந்து, ஸ்வெட்டர்களுக்கு அடியிலிருந்து காசெட்டை எடுத்தார். அதைத் தூக்கி எறிந்து கத்துவார் என்று எமெட் பயந்தான்.

"அழிச்சிடணும்னு எத்தனையோ தடவை எடுத்தேன்டா," என்றார் கடைசியில். "கை வரலை. எனக்கு அது அவ போன நாள். அந்தப் பொண்ணுக்கு அவ அம்மா வந்த நாளா இருந்துட்டுப் போகட்டுமே. கூப்பிடு அவளை."

செய்தி அனுப்பினான். பதில் இல்லை. ஆனால் ஞாயிறு மதியம் கதவு தட்டப்பட்டது. கொரின் எமெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சோபா நுனியில் உட்கார்ந்தாள்.

காசெட் உள்ளே போனது. முதலில் திரையில் வெறும் பூச்சி பறந்தது... கரகரவென்ற சத்தம். நாடா பழசு, சிக்கினால் அறுந்துவிடும். மூச்சு விட யாருக்கும் தைரியமில்லை. பிறகு டல்லி வந்தாள், பிரெஸ்காட் வந்தான், திரை ஒரு நொடி கறுத்தது. விளம்பர இடைவேளை. பழைய பழக்கத்தில் கேசிமிரின் கட்டைவிரல் தன்னால் பாஸ் பட்டனுக்குப் போயிற்று. எமெட் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். விரல் பட்டனை அழுத்தவில்லை.

கார், சோப்பு, சூப்... ஒவ்வொன்றாகப் போயின. பிறகு ஒரு மெத்தையின் ஓரத்தில், சுருட்டை முடியோடு ஒரு பெண்.

"தூக்கம் வரலையா? எங்க கடைக்கு வந்து படுத்துப் பாருங்க. தூங்கிட்டா எழுப்ப மாட்டோம்."

சொல்லி முடித்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் குபுக்கென்று சிரித்துவிட்டாள். அதோடு விளம்பரம் முடிந்தது.

கொரின் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுபடி போட்டார்கள், மறுபடியும். பிறகு கேசிமிர் மீதிக் கதையை ஓட விட்டார். அதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. வண்டி ஏரிக்குள் விழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டே உரக்கச் சிரித்தார்.

சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவளின் பின்னால் எமெட் போய் நின்றான். அவள் திரும்பவில்லை.

"கொரின்... அப்பாவுக்காகத்தான் பொய் சொன்னேன்னு சொன்னேன்ல. அது முதல் நாளைக்கு மட்டும்தான் உண்மை."

"அப்புறம்?"

"அப்புறம்... டேப் கிடைச்சிட்டா நீ போயிடுவியேன்னு பயந்தேன். நீ இல்லாத சனிக்கிழமை எனக்கு வேண்டாம். நான் உன்னைக் காதலிக்கிறேன் கொரின்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடிவிட்டுத் திரும்பினாள். அழுது சிவந்த கண்கள் இன்னமும் முறைத்தன.

"டேப் கிடைக்கக் கூடாதுன்னு ரெண்டு சனிக்கிழமையா நானும்தான் வேண்டிக்கிட்டிருந்தேன்," என்றாள் மெதுவாக. "எங்கம்மா குரலை வேண்டாம்னு நினைக்க வச்சுட்டியேன்னுதான் அவ்வளவு கோபம் வந்துச்சு... உன்மேல பாதி, என்மேல பாதி."

சொல்லிவிட்டு அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.