இருமல்காரருக்கு இடமாற்றம்

சிட்டுவின் வீட்டில் ஒரு பழைய பிரிண்டர் இருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் 'கர்ர்ர்... கொக்' என்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதனால் அதற்கு இருமல்காரர் என்று பெயர்.

இருமல்காரர் இருந்தது சித்தியின் அறையில். சித்தி மருத்துவமனையில் நர்ஸ். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம்.

அம்மா தையல்காரர். சட்டையின் கை, கழுத்து, காலர் எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, தாள் தாளாக அச்சடித்து ஒட்டுவார். பிறகு அதைத் துணிமேல் வைத்து வெட்டுவார். சித்தி எழுந்த பிறகு, மாலையில்தான் அந்த அறைக்குப் போய் அச்சடிப்பார். அங்கிருந்த மேசைக் கணினி ஒருநாள் உயிரை விட்டது.

அம்மாவின் புது லேப்டாப்போ, "இப்படி ஒரு பிரிண்டரையே எனக்குத் தெரியாது" என்று கைவிரித்துவிட்டது.

"தூக்கிப் போட்டுடலாமா?" என்றார் அம்மா.

"வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டான். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவன் அடிக்கடி சட்டைக் கையை மடித்துவிடுகிறான்.

திரை உடைந்த தன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டான். அதைச் சித்தியின் அறையில் வைத்துப் பிரிண்டரின் ஒயரைச் செருகியதுமே, லினக்ஸ் பழைய கூட்டாளியைப் பார்த்ததுபோல இருமல்காரரை அடையாளம் கண்டுகொண்டது.

"இதுதான் நம்ம சர்வர். நீங்க எங்கிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் வைஃபைல வாங்கிக்கும். வாங்கி, ஒயர் வழியா இருமல்காரர்கிட்ட கொடுக்கும்" என்றான் அண்ணன்.

சித்தி வேலைக்குப் போன பிறகு, முன்னறையில் உட்கார்ந்தே சோதித்துப் பார்த்தார்கள். மூடிய கதவுக்கு அப்பால் இருமல் மெல்லத்தான் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் பகலில் அம்மா முன்னறையிலிருந்து ஒரு சட்டையை முழுசாக அனுப்பினார்.

சித்தியின் கதவு படாரென்று திறந்தது. தலை கலைந்து, போர்வையைப் பாதி இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எந்தக் கட்டில்? யாரு இருமுறாங்க? ஆக்ஸிஜன் வைங்க!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சித்தியும் சிரித்தார்.

"அய்யோ, மறந்தே போயிட்டேன்டி" என்றார் அம்மா.

"பரவாயில்லக்கா."

அடுத்த நாளும் ஒரு சட்டை அவசரமாகத் தைக்க வேண்டிவந்ததால், அம்மா பகலிலேயே அச்சடித்தார். அன்றைக்கும் சித்தி "பரவாயில்லக்கா" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. ஒரே சொல் ஒருநாள் பஞ்சு மாதிரியும், மறுநாள் கல் மாதிரியும் இருப்பதைச் சிட்டு கவனித்தாள்.

அன்று மாலை சித்தி மொட்டை மாடியில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ரூம் இருக்குன்னு சொன்னீங்களே, இன்னும் காலியா இருக்கா?"

திரும்பியவர் சிட்டுவைப் பார்த்துவிட்டார். "சும்மா விசாரிச்சேன்டா. அம்மாகிட்ட சொல்லிடாத."

சிட்டு தலையாட்டினாள். சொன்னால் அம்மா பகலில் அச்சடிப்பதையே நிறுத்திவிடுவார். தையல் வேலை தேங்கிப்போகும். அது தன்னால்தான் என்று சித்தி இன்னும் சீக்கிரம் கிளம்புவார். சொல்லாவிட்டாலும் கிளம்புவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சித்தியின் பெட்டி வாசலில் நிற்பதுபோலவே இருந்தது.

அவள் நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, இருமலை நிறுத்த முடியாதா?"

"அது பல்சக்கரம் தேஞ்ச சத்தம். நிறுத்த முடியாது. ஆனா பகல்ல கொடுக்கறதை எல்லாம் சர்வர் பிடிச்சு வெச்சுக்கிட்டு, சாயங்காலம் விடற மாதிரி பண்ணலாம்."

"அதுவரைக்கும் நான் துணியைப் பார்த்துக்கிட்டே உட்காரவா?" என்றார் தையல் மெஷினிலிருந்து அம்மா.

சிட்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்: "இருமல்காரர் ஏன் சித்தி ரூம்ல இருக்கார்?"

"இதென்ன கேள்வி? அங்கதானே கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஒயர் குட்டை" என்றான் அண்ணன்.

"இப்ப அந்த கம்ப்யூட்டர் எங்க?"

"அதான் செத்துப்போச்சே."

"அப்ப இவர் யாருக்காக அங்க உட்கார்ந்திருக்கார்?"

அண்ணன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"ஒயர் சர்வருக்குத்தானே போகுது?" என்றாள் சிட்டு. "ரெண்டுக்கும் பிளக் இருந்தா போதாதா? ரெண்டு பேரையும் சேர்த்தே தூக்கிட்டா?"

அம்மா மெஷினை நிறுத்தினார். "டேய், ரெண்டு நாளா சட்டைக் கையை மடிச்சு மடிச்சு விட்டியே, இது தோணலையா?"

"தோணிக்கிட்டேதான் இருந்துச்சு" என்றான் அண்ணன். அவன் காது சிவந்திருந்தது.

சித்தி வேலைக்குக் கிளம்பியதும் வேலை தொடங்கியது. மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு பிளக்குகள் இருந்தன. அண்ணன் பிரிண்டரைத் தூக்கினான். சிட்டு சர்வரை மார்போடு பிடித்துக்கொண்டு ஒட்டினாற்போல் நடந்தாள். நடுவே குட்டை ஒயர் தொங்கியது.

"வேகமா வா! கல்யாண ஊர்வலமா இது?"

"நீதான்ணா ஓடற!"

மறுநாள் பகலில் அம்மா ஒரு சட்டையும் இரண்டு கவுனும் அனுப்பினார். படிக்குக் கீழே இருமல்காரர் செருப்புகளைப் பார்த்து இருமித் தீர்த்தார். சித்தியின் கதவு திறக்கவே இல்லை.

மாலையில் மூவரும் முன்னறையில் இருந்தபோது படிக்கடியில் 'கர்ர்ர்... கொக்' என்று கேட்டது.

"யார் அனுப்பினது? நான் இல்லையே" என்றார் அம்மா.

அண்ணன் போய்த் தாளை எடுத்து வந்தான். கொட்டை கொட்டையான எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தான்:

"சிட்டு, நல்லாத் தூங்கினேன். அந்த ரூம் வேண்டாம்னு சொல்லிட்டேன். யாராவது டீ போடுங்க. சித்தி."

"எந்த ரூம்?" என்றார் அம்மா.

கேட்டுத் திரும்பியபோது சிட்டு அங்கே இல்லை. சித்தியின் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே ஓடியிருந்தாள்.