சென்சர் எந்தக் குழாயில்?

அஜந்தன் பிணமாகக் கிடந்த கார், வத்தேகமவில் அவனுடைய கராஜுக்கே திரும்பி வந்து நின்றது!

கலஹா ரோட்டில் மழைக்கு ஒதுங்கி, கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுத் தூங்கியவன்... எழுந்திருக்கவே இல்லை.

புகை உள்ளே புகுந்துவிட்டது. பின்னால் மண்மேடு சைலன்சரை அடைத்ததால் வந்த விபத்து என்றது பொலிஸ்.

அவன் மனைவி கலாராணி நம்பவில்லை. கராஜ் வேலை அவளுக்கும் தெரியும்.

கராஜின் கூட்டாளி பிரதீஸ் உள்ளே வந்தான். கருமாதி முடியுமுன்பே கராஜை முழுசாகக் கேட்ட உத்தமன்!

"வாங்க தம்பி. பொலிஸ் காரை விட்டிருச்சு. விக்கப் போறேன். எஞ்சின்ல பெற்றோல் எப்படி எரியுதுன்னு பார்க்க ஒக்சிஜன் சென்சர் வைக்கணும்."

"வச்சிருவோம் அக்கா."

"இது ரெட்டைச் சைலன்சர், இடது வலதுன்னு ரெண்டு புகைக் குழாய். கையில சென்சர் ஒண்ணுதான் இருக்கு. இடது குழாய்ல, கடைசியில வச்சிரட்டா?"

பிரதீஸ் பதறினான். கண்டியில் தன்னை விட்டால் மெக்கானிக் பாஸ் கிடையாது என்று மார்தட்டுகிறவன். தப்பான வேலையைக் கண்டால் வாய் சும்மா இருக்காது!

"ஐயோ, இடதுல வேணாம்! ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போகும். சென்சர் பொய் காட்டும். வலதுல, எஞ்சினுக்குக் கிட்ட வைங்க!"

"எந்த ஓட்டை?"

அவன் காருக்கடியை அவசரமாகக் கைகாட்டினான்.

"அதான்... சீட்டுக்குக் கீழ... இப்ப வர்றப்போ குனிஞ்சு பார்த்தேன் அக்கா!"

"அப்படியா? ஜாக்கைப் போட்டு நல்லாப் பாருங்க."

கார் உயர்ந்தது. பிரதீஸ் குனிந்தான். முகம் வெளுத்தது.

இடது குழாய்... புத்தம் புதுசு! ஊசி நுழைய ஓட்டை இல்லை!

"பழசைக் கழட்டிப் பொலிஸுக்குக் கொடுத்துட்டேன்," என்றாள் கலாராணி. "அதுல இருந்தது இரும்பறுக்கிற கிரைண்டரால போட்ட வெட்டு. அது எந்தக் குழாய்னு எனக்கும் பொலிஸுக்கும் தெரியும். வெட்டுனவனுக்கும் தெரியும்!"

"அக்கா... நான்..."

"அக்கான்னு கூப்பிடாத! என் புருஷனைப் புகை போட்டுக் கொன்ன நாயே! நீ உள்ள கிடந்து அழுகுறதை நான் பார்க்கணும்டா!"

பிரதீஸ் வாசலுக்குப் பாய்ந்தான்.

அங்கே இன்ஸ்பெக்டர் ரிஸ்மி, கையில் விலங்கோடு!

"கையை நீட்டுங்க பாஸ்," என்றார். "எந்தப் பக்கம் மாட்டணும்னு நீங்க சொல்ல வேணாம்... இது ரெண்டுக்கும் சேர்த்துத்தான்!"